பலராம் பந்தை வாங்கும் விதம்

பிகே, சுனி, பலராம். இந்தியக் கால்பந்தின் அந்த மூவரை எல்லோரும் இந்த வரிசையில்தான் சொல்வார்கள். வங்காளிகள் சில சமயம் சுனியை முதலில் வைப்பார்கள். மோகன் பகான் குடும்பத்துக்காரர்கள் என்றால் கட்டாயம் வைப்பார்கள். பலராம் மட்டும் எந்தப் பட்டியலிலும் மூன்றாவது இடத்தைவிட்டு நகர்வதில்லை. துளசிதாஸ் பலராமை முதலில் சொன்ன ஒரே ஆள் என் தாய்மாமா. அவர் கரக்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். பந்தாட்டத்தில் எனக்கு இருக்கும் ரசனை, பிடிவாதம், முன்முடிவுகள் எல்லாம் அவர் கொடுத்தவை. ஆகவே இந்தக் கட்டுரையில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மற்ற இருவரையும் குறைத்துச் சொல்லவில்லை. பிரதீப் குமார் பானர்ஜி வலது ஓரத்தில் வேகம் பிடித்து உள்ளே வெட்டி அடிக்கும் அடிக்கு ஆசியாவில் அன்று பதில் இல்லை. ஈஸ்டர்ன் ரயில்வே என்ற ஒரு ஆபீஸ் டீமை 1958இல் கல்கத்தா லீக் சாம்பியனாக்கியதில் அவர் பங்கு பெரிது. பெரிய கிளப் எதற்கும் போகாமலே அந்தப் புகழைச் சம்பாதித்த மனிதர். சுனி கோஸ்வாமியின் அழகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சட்டை கசங்காமல் மூன்று பேரைத் தாண்டிப் போவார். கால்பந்து போதாதென்று வங்காளத்துக்குக் கிரிக்கெட்டும் ஆடி, ரஞ்சி இறுதி ஆட்டம் வரை கேப்டனாக அணியைக் கொண்டுபோனார். அப்படிப்பட்டவரைப் பிடிக்காமல் போக முடியுமா?

ஆனால் சுனியின் டிரிபிளிங்கும் பிகேயின் ஷாட்டும் பந்து காலுக்கு வந்து சேர்ந்த பிறகு நடப்பவை. அதற்கு முந்தைய நொடி எனக்கு முக்கியம். பந்து இன்னும் காற்றில் இருக்கிறது, அல்லது தரையில் துள்ளி வருகிறது, பின்னால் ஒரு ஃபுல்பேக் மூச்சுவிடும் தூரத்தில் நிற்கிறான். அந்த நொடியில் ஆட்டக்காரன் என்ன செய்கிறான் என்பதை வைத்துத்தான் நான் ஆட்களை எடை போடுவேன். அந்தத் தராசில் பலராமுக்கு ஈடாக இந்தியாவில் ஒருவரும் வந்ததில்லை என்பது மாமாவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

சனிக்கிழமைகளில் மாமா கரக்பூரிலிருந்து ஹவுரா வண்டி ஏறுவார். மைதானத்துக்குள் போக டிக்கெட் கிடைத்தால் கேலரி. கிடைக்காவிட்டால் கோட்டை மேட்டுச் சரிவு. பின்வரிசையில் நிற்கும் குட்டையர்களுக்காக அட்டையில் கண்ணாடித் துண்டு ஒட்டிய பெரிஸ்கோப் விற்பார்கள். மாமா ஐந்தடி மூன்றங்குலம். ஆகவே அவர் பார்த்த பலராமில் பாதி அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான். ஓய்வுபெற்றுப் பொன்மலைக்கு வந்த பிறகும் அந்தப் படங்கள் அவருக்கு அழியவில்லை. வாசலில் என்னை நிறுத்தி ரப்பர் பந்தைத் தூக்கிப் போடுவார். நான் காலை நீட்டி நிறுத்துவேன். “அடேய், நீ நிப்பாட்டுற. அவன் நிப்பாட்ட மாட்டான். வாங்கிக்குவான்” என்பார். பிறகு அறுபது வயதுக்கு மேல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்து காட்டுவார். பந்து வருவதற்கு முன்பே இடது தோளைக் கொஞ்சம் திறந்துவிடுவார். முழங்கால் இளகும். பாதம் பந்தோடு சேர்ந்து ஒரு சாண் பின்னால் போகும். பந்து தரைக்கு வரும்போது உடம்பு ஏற்கெனவே கோல் பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். வாங்குவதும் திரும்புவதும் ஒரே அசைவு. பின்னால் நின்ற ஃபுல்பேக் எதை மறிக்க வந்தானோ அது அங்கே இருக்காது.

இதை எந்தப் பந்தில், எந்தத் தரையில் செய்தார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்கத்தா லீக் மழைக்கால லீக். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மைதானம் பல நாள் நாற்றங்கால்தான். தோல் பந்து, வாயில் கயிறு போட்டுக் கட்டியது. தண்ணீர் குடிக்கக் குடிக்க எடை ஏறும். கயிறு கட்டிய பக்கம் நெற்றியில் பட்டால் தழும்பு நிச்சயம். காய்ந்த தரையில் ஒரு மாதிரி துள்ளும் பந்து சேற்றில் துள்ளவே துள்ளாது, சட்டென்று செத்துவிடும், அல்லது வழுக்கிக்கொண்டு வேகம் கூடும். எது நடக்கும் என்று விழுந்த பிறகுதான் தெரியும். அந்தப் பந்தை அந்தச் சேற்றில் காலோடு இழைத்துக்கொண்டு திரும்புவதென்றால் பாதத்தில் கண் இருக்க வேண்டும். நிறைய கல்கத்தா ஃபார்வர்டுகள் அன்று என்ன செய்தார்கள் தெரியுமா? வந்த பந்தை அப்படியே முன்னால் தட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினார்கள். கூட்டம் கைதட்டியது. வேகம் யாருக்கும் புரியும். பந்தை வாங்குவது எல்லோருக்கும் புரிவதில்லை.

அந்தக் கால் எங்கிருந்து வந்தது? செகந்திராபாத் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய அம்முகுடா கிராமம். பெற்றோர் தமிழர்கள். வீட்டில் வசதி கிடையாது. தாய்க்கு மகன் படித்து ஒரு குமாஸ்தா வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை. மகனோ பந்தின் பின்னால். போலீஸ்காரர்கள் கழித்துவிட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைக்கிறவர் ஆட்ட பூட்ஸாக மாற்றித் தர, அதைப் போட்டுக்கொண்டு ஆடியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். கண்டெடுத்தவர் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரானவர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வாங்க வைத்தவர். அம்முகுடாவிலிருந்து ஹைதராபாத் வந்து பயிற்சி எடுக்கப் பையனிடம் வண்டிக்குக் காசில்லை என்று தெரிந்ததும், வாடகை சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்தார்.

ரஹீமின் பயிற்சி முறையைப் பற்றிப் பேசுபவர்கள் அவருடைய 4-2-4 அமைப்பை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பிரேசிலுக்கு முன்பா, பின்பா என்று ஒரு பட்டிமன்றமே நடக்கும். எனக்கு அது சுவாரசியமே இல்லை. அவர் ஹைதராபாத்தில் நடத்திய விசித்திரமான போட்டிகள்தான் எனக்கு முக்கியம். ஒன்றில் டிரிபிளிங்குக்கே அனுமதி இல்லை. வாங்கு, கொடு, அவ்வளவுதான். இன்னொன்றில் பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும். நினைத்துப் பாருங்கள்: வலது காலை அவிழ்த்து வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள்போல இருபத்திரண்டு பேர். வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் டிரிபிளிங் இல்லை என்றால் பந்து வரும் முன்பே அடுத்து என்ன என்று முடிவெடுத்திருக்க வேண்டும். ஒரு கால்தான் என்றால் உடம்பை அந்தக் காலுக்கு ஏற்பத் திருப்பி நிறுத்தியிருக்க வேண்டும். பலராமின் தோள் ஏன் பந்துக்கு முன்பே திறந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பிறவித் திறமை என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அது ரஹீமுக்குச் செய்யும் அநியாயம்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இருந்தபோது பலராம் மீசை முளைத்த பையன். அந்த ஒலிம்பிக் நெவில் டிசூசாவுடையது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல், இந்தியா நான்காம் இடம். அதற்கு நான்கு வருடம் முன்பு ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த நாடு அது. மெல்போர்னைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் ரோமுக்கு வருகிறேன்.

1960 ரோம் ஒலிம்பிக். இந்தியாவுக்குக் கிடைத்த பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. முதல் ஆட்டம் லாக்விலா என்ற மலை ஊரில், ஹங்கேரியுடன். அந்த ஹங்கேரி அணியில் ஃப்ளோரியன் ஆல்பெர்ட் இருந்தார். ஏழு வருடம் கழித்து ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப் பந்து வாங்கப்போகிறவர். நம் ஊர் லீக் ஆட்டம் அன்று 70 நிமிடம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். நம்மவர்களின் நுரையீரல் அதற்குத்தான் பழகியிருந்தது. ஹங்கேரி இரண்டு கோல் போட்டுவிட்டது. 79ஆவது நிமிடத்தில், அதாவது கல்கத்தாவாக இருந்தால் எல்லோரும் குளித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில், பலராம் ஒரு கோலைத் திருப்பிப் போட்டார். 2-1 தோல்வி. ஹங்கேரி அந்தப் போட்டியில் வெண்கலம் வாங்கியது. அந்த இந்திய அணியில் நம் தஞ்சைக்காரர் சைமன் சுந்தரராஜும் இருந்தார் என்பது தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டு மனசைப் புண்ணாக்கிக்கொள்ள விருப்பமில்லை.

அடுத்த வருடம்தான் மாமாவின் வருடம். 1961. ஈஸ்ட் பெங்கால் கேப்டன் பலராம். லீக்கை வென்றார்கள், 23 கோலோடு லீக்கிலேயே அதிக கோல் போட்டவரும் அவர்தான். ஈஸ்ட் பெங்காலுக்காக அவர் போட்ட கோல்கள் மொத்தம் 104 என்று கணக்கு சொல்கிறார்கள். இந்த எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு எண்கள்தான் புரியும் என்பதால் சொல்லி வைக்கிறேன். பலராமைப் பற்றி வழக்கமாக வரும் ஒரு குறை இருக்கிறது: அழகாக ஆடுவார், கூர்மை போதாது என்று. கல்கத்தா சேற்றில் ஒரு பருவத்தில் 23 கோல் போட்டவரிடம் எந்தக் கூர்மை போதவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இந்தக் குறை எங்கிருந்து முளைத்தது என்று மட்டும் ஓரளவுக்குத் தெரியும். கிளப்பில் நடுவில் ஆடி கோல் போட்டவரை, தேசிய அணியில் ரஹீம் இடது ஓரத்துக்கு அனுப்பினார். இன்சைட் லெஃப்ட் இடம் சுனிக்கு. இருவரையும் ஒரே இடத்தில் போட முடியாது. ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பலராம் விட்டுக்கொடுத்தார். அங்கும் கோட்டை ஒட்டி நின்றுகொண்டு பந்துக்காகக் கை தூக்குகிற விங்கர் இல்லை அவர். கீழே இறங்கி ஹாஃப்களிடமிருந்து பந்தை வாங்கி, திரும்பி, சுனியின் காலில் வைப்பார். பின்னால் இருப்பவர்கள் இரண்டே ஹாஃப்கள்; ராம் பகதூர், கோவாக்காரர் பிராங்கோ. அந்த இருவருக்கும் மூச்சுவிட ஒரு இடம் வேண்டுமல்லவா? அந்த இடம் இடது பக்கத்தில் பலராம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை எல்லோருக்கும் தெரியும். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோல்வி. தாய்லாந்துடன் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்து தையல். ஜப்பானை 2-0 வென்ற ஆட்டத்தில் கோல் போட்டவர்கள் பிகேயும் பலராமும். அரையிறுதியில் தையலோடு வந்த ஜர்னைலை ரஹீம் முன்னால் ஆட வைத்தது, தென்வியட்நாமை 3-2 என்று தாண்டியது, இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததற்காக நம் விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி எழுப்பிய குரலால் இந்தோனேசியக் கூட்டம் நம்மவர்கள் மேல் கொதித்துக்கொண்டிருந்தது, காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து இறுதி ஆட்டத்துக்குக் கோலில் நின்ற பீட்டர் தங்கராஜ் (இவரும் ஹைதராபாத் தமிழர், இவருக்குத் தனிக் கட்டுரை வேண்டும்). செப்டம்பர் 4. லட்சம் பேர் கொள்ளும் செனாயன் மைதானம் முழுக்க எதிரிகள். முதல் இருபது நிமிடத்துக்குள் பிகே ஒன்று, ஜர்னைல் ஒன்று. கடைசியில் கொரியா ஒன்று திருப்ப, 2-1, தங்கம்.

இறுதி ஆட்டத்தின் கோல் பட்டியலில் பலராம் இல்லை. அந்தப் பட்டியலை வைத்துத்தான் அறுபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ரஹீமைப் பற்றி 2024இல் ‘மைதான்’ என்று இந்திப் படம் வந்தது. நல்ல படம்தான், மைதானக் காட்சிகளை உழைத்து எடுத்திருந்தார்கள். ஆனால் சினிமாவுக்கு ஓட்டமும் உதையும் வேண்டும், மெதுவாகக் காட்ட வியர்வை வேண்டும். ஒரு ஆள் பந்தை வாங்கித் திரும்புவதை எந்த இயக்குநர் காட்டுவார்? கண் சிமிட்டினால் போய்விடும் காரியம். திரையரங்கில் பக்கத்து இருக்கைப் பையன் ஜர்னைலின் தலைக்கட்டுக்கு விசிலடித்தான். நானும் ரசித்தேன். ஜர்னைலை யார்தான் ரசிக்காமல் இருப்பார்கள்!

இப்போது ஆடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. புல் மெத்தை மாதிரித் தரை, தண்ணீர் ஒட்டாத பந்து, எடையே தெரியாத பூட்ஸ், சத்துணவு நிபுணர், முதுகில் ஓட்டத்தை அளக்கும் கருவி. இத்தனையும் இருந்தும் நம் லீக்கில் பாதிப் பேர் பந்தை வாங்கும்போது அது காலில் பட்டு இரண்டு கஜம் எகிறுகிறது. எகிறிய பந்தைத் துரத்திப் பிடித்ததும் வர்ணனையாளர் என்ன உழைப்பு என்கிறார். உழைப்புதான், மறுக்கவில்லை. ஒழுங்காக வாங்கியிருந்தால் அந்த உழைப்பு தேவைப்பட்டிருக்காது. எங்கள் பகுதியில் காலை நேரப் பயிற்சி நடக்கிறது. கூம்புகளை நட்டு வைத்துப் பிள்ளைகளை வளைந்து வளைந்து ஓடவிடுகிறார்கள். கூம்பு பின்னாலிருந்து வந்து மறிக்காது என்று அந்தப் பயிற்சியாளரிடம் ஒரு நாள் சொன்னேன். தம்பி நல்லவர், “சார் எந்தக் காலத்து ஆளு” என்று மரியாதையாகக் கேட்டார். வாரத்தில் ஒரு நாளாவது டிரிபிளிங் இல்லாத ஆட்டம் ஆடவிடுங்கள் என்றேன். பெற்றோர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். காசு கட்டிச் சேர்த்த பிள்ளை நாலு பேரைத் தாண்டிப் போவதைச் செல்போனில் படம் பிடிக்க வேண்டுமாம்.

படம் என்றதும் நினைவு வருகிறது. பலராம் ஆடிய வீடியோ இருக்கிறதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒருவரை நம்ப இன்று அது ஒன்றுதான் சாட்சி. பழைய செய்திப் படத் துணுக்குகளில் புள்ளி புள்ளியாகச் சிலர் ஓடுவார்கள். கேமரா கோல் கம்பத்தைப் பார்த்தபடி காத்திருக்கும். பந்தை வாங்குகிற இடம் கேமராவுக்கு வெளியே. ஆக, பார்த்தவர்கள் வாயால் சொன்னதுதான் மிச்சம். சொல்கிறவர் என் மாமா மாதிரி ஆளாக இருந்துவிட்டால் கேட்கிறவனுக்கு அதிர்ஷ்டம்.

1963இல் பலராம் பி.என்.ஆர். என்ற ரயில்வே அணிக்கு மாறினார். கரக்பூரில் அன்று மிட்டாய் கொடுத்தார்களாம். தங்கள் ரயில்வேக்குத் தங்கள் ஆள் வந்துவிட்டான் என்று. அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. நுரையீரல் உறை அழற்சி. ஆட்டத்தை விடச் சொல்லிவிட்டார்கள். இருபத்தேழு வயதுக்குள் எல்லாம் முடிந்தது. பிகேயும் சுனியும் முதிர்ந்து கனிந்து விடைபெற்றார்கள். பிகே அதன்பிறகு பெரும் பயிற்சியாளராக இரண்டாவது வாழ்க்கையும் வாழ்ந்தார். இருவருக்கும் பத்மஸ்ரீ. பலராமுக்கு 1962இல் கிடைத்த அர்ஜுனா விருதோடு சரி. கங்கைக் கரையில் உத்தர்பாடாவில் ஒரு குடியிருப்பில், திருமணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்தார். வாய் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவார். அது கிளப் நிர்வாகிகளுக்குப் பிடிக்காது. 2020இல் மார்ச்சில் பிகே போனார், ஏப்ரலில் சுனி. 2023 பிப்ரவரி 16 அன்று பலராம். ‘மைதான்’ வந்தபோது மூவரும் இல்லை.

ரஹீம் 1963 ஜூனில் புற்றுநோயில் இறந்தார். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் வந்தோம். ஆனால் அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஈரானைத் தாண்ட முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த ஒலிம்பிக் கால்பந்துக்கும் இந்தியா போனதில்லை. இந்தச் சரிவுக்குக் காரணம் தேடுகிறவர்கள் ரஹீமின் மரணத்தைச் சொல்வார்கள், 70 நிமிட ஆட்டத்தைச் சொல்வார்கள், சங்கத்து அரசியலைச் சொல்வார்கள். எல்லாம் சரி. ரஹீம் போன அதே வருடம் இடது பக்கத்தில் பந்தை வாங்கித் திரும்ப ஆளில்லாமல் போனதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் வழக்கு. ரஹீமுக்கு மாற்று தேடவாவது செய்தார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளரைக் கூட்டி வந்தார்கள். பலராமுக்கு மாற்று தேட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மாமா அதன்பிறகும் சனிக்கிழமை ஹவுரா வண்டி ஏறத்தான் செய்தார். பெய்ட்டன் கோப்பை ஹாக்கி பார்க்க.